அக்காவின் இலைக்கு அரிசி இட்லி

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். படையல் இலையைப் பார்த்ததும் உங்களில் பாதிப் பேர் முணுமுணுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "ஊருக்கே ஓட்ஸ் இட்லி கத்துக் குடுத்தவங்க, அவங்க எலையில ஒண்ணுகூட இல்லையே" என்று. இந்தக் கட்டுரை அதற்கான விளக்கம். படித்து முடித்தபின் முணுமுணுக்கலாம்.

அக்கா பிறந்தது நார்த்தாமலைக்குப் பக்கத்தில், மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கடன் என்று இருந்த ஒரு சிற்றூரில். அக்கா எட்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பா காலமானார். அக்காவின் படிப்பு அன்றோடு நின்றது. என் படிப்பு நிற்கவில்லை. ஆத்தாவோடு அக்கா கடலை பிடுங்கப் போனார், நான் பள்ளிக்கூடம் போனேன். இதுபோன்ற நினைவு மலர்களில் 'ஏட்டுக் கல்வி இல்லாவிட்டாலும் அனுபவ அறிவு மிக்கவர்' என்று ஒரு வரி எழுதுவது வழக்கம். அக்காவிடம் அதைச் சொன்னால் கோபம் வரும். "விட்டிருந்தா ஒன்னையவிட நல்லாப் படிச்சிருப்பேன்டா" என்பார். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான் இதை மறுத்ததில்லை.

எங்கள் வீட்டில் அன்றாடம் கம்பங்கஞ்சி, கேழ்வரகுக் கூழ். இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும். அந்த இரண்டு நாட்களிலும் அக்கா அடுப்படியை விட்டு நகரமாட்டார். துணியிலிருந்து உரித்தெடுக்கும் முதல் இட்லி தனக்குத்தான் என்று சட்டம் போட்டு வைத்திருந்தார். விராலிமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போனபின், ஆத்தா அக்காவிடம் சம்மதம் கேட்டார். மாப்பிள்ளையின் நிறம், வயது, சொத்து எதைப் பற்றியும் அக்கா விசாரிக்கவில்லை.

"அவங்க வீட்டுல தெனமும் காலையில இட்லியாமே ஆத்தா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்பச் சரின்னு சொல்லிரு."

இந்தக் கதையை அத்தான் பிற்காலத்தில் எல்லாக் கல்யாண வீடுகளிலும் சொல்லுவார். "என்னயக் கட்டிக்கல மாப்ள, இட்லிக் குண்டானைக் கட்டிக்கிட்டா" என்று முடிப்பார். அக்கா மறுக்கமாட்டார்.

அத்தானுக்குத் திருச்சி–மதுரை சாலையோரம் லாரிகளுக்கான கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை. காலையில் இட்லி உள்ளே போகாமல் கடைக் கதவைத் திறந்ததில்லை. அக்காவும் அவருக்குச் சளைக்காமல் சாப்பிட்டார். இப்படியே காலம் நன்றாகப் போனது. பிறகு அத்தானுக்குச் சர்க்கரை நோய் வந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கடையில் கிடந்த ஆணி ஒன்று காலில் ஏறியது. அதையும் பொருட்படுத்தவில்லை. புண் ஆறாமல் கறுத்தபின் மருத்துவர், "விரலோட நிக்குமா, காலையே எடுக்கணுமான்னு இப்ப சொல்ல முடியாது. அது நீங்க சாப்பிடுறதைப் பொறுத்தது" என்றார். ஒரு விரல் போனது. காலைச் சாப்பாட்டில் அரிசி கூடாது, ஓட்ஸ் கஞ்சி குடிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று வீடு திரும்பியதும் அக்கா மாவு வாளியை அப்படியே தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். கிரைண்டர் மேல் ஒரு பழைய தார்ப்பாயைப் போர்த்தினார்.

"நான் தின்னாட்டிப் போகுது. நீ சுட்டுத் தின்னேன்" என்றார் அத்தான்.

"நீங்க பாத்துக்கிட்டு இருக்க, நான் உள்ள எறக்கணுமாக்கும்? இனி இந்த வீட்டுல அரிசி இட்லி வேகாது. எனக்கும் சேத்துத்தான்."

மறுநாள் காலையில் ஓட்ஸ் கஞ்சி. ஒரு கரண்டி வாயில் வைத்த அத்தான் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "மாப்ள, இதுல போஸ்டர் ஒட்டலாம். ஒங்கக்கா என்னயக் குடிக்கச் சொல்றா." இட்லித் தட்டில் வெந்து வந்தால் ஒழிய இவருக்கு எதுவும் இறங்காது என்பது அக்காவுக்குப் புரிந்தது. அதனால் ஓட்ஸையே இட்லியாக்கத் துணிந்தார்.

முதல் முயற்சியில் அக்கா ஓட்ஸை உளுந்தோடு ஊறவைத்து, ஆட்டி, இரவெல்லாம் புளிக்க வைத்தார். தலைமுறை தலைமுறையாக இட்லிக்கு மாவு ஆட்டிய யாரும் செய்யக்கூடியதுதான். காலையில் பாத்திரத்தில் இருந்ததை மாவு என்று சொல்ல முடியாது. கரண்டியைத் தூக்கினால் பாத்திரமும் கூடவே வந்தது. நான் ஒரு வாரம் விசாரித்து, முறையைத் தெரிந்துகொண்டு விராலிமலைக்குப் போனேன். ஊறவைக்க வேண்டாம், ஆட்ட வேண்டாம், புளிக்க வேண்டாம். சோடா உப்பு போட்டால் போதும் என்று விளக்கினேன். அக்கா எல்லாவற்றையும் சரியாகக் கேட்டுக்கொண்டார். சோடாவைப் போட்டுக் கலக்கினார். மாவு நுரைத்துப் பொங்கியது. பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

"உடனே ஊத்தணும் அக்கா!" என்று கத்தினேன்.

"மாவுன்னா செத்த நேரம் இருந்து பொங்கணும்டா. போட்ட ஒடனே ஊத்துறதுக்கு அது என்ன, பஸ்ஸுக்கா நிக்கிது?"

குளித்து வந்து ஊற்றியபோது நுரை அடங்கிவிட்டிருந்தது. வெந்து வந்ததை அத்தான் விரலால் தட்டிப் பார்த்தார். "ஏன் மாப்ள, ஒங்கக்கா தார்ப்பாயை வட்டமா வெட்டி வச்சிருக்காளே. மழை ஒழுகாதுல்ல?" அக்கா சிரிக்கவில்லை. கட்டுப் போட்டிருந்த அவர் காலைப் பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாவைத் திரும்பக் கரைக்கும் சத்தம் கேட்டது.

அன்று மதியத்துக்குள் சரியாக வந்துவிட்டது. இனி வரும் பத்தி, அக்காவிடம் கேட்காமல் விட்டவர்களுக்காக.

ஓட்ஸை எண்ணெய் விடாமல் வாசம் வரும்வரை வறுத்து, ஆறியபின் மிக்சியில் பொடிக்கவும். அதில் பாதியளவு ரவையைத் தனியாக வறுத்துச் சேர்க்கவும். கொஞ்சம் புளித்த தயிர், உப்பு, தண்ணீர் விட்டு இட்லி மாவுப் பதத்தில் கரைக்கவும். கடுகு, உளுந்து, கடலைப்பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, காரட்டைத் தாராளமாகத் துருவிப் போடவும். ரவை ஊறும்வரைதான் காத்திருக்க வேண்டும். அதற்குள் இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்திருக்க வேண்டும். தட்டில் எண்ணெய் தடவி வைத்துக்கொண்டு, கடைசியாகச் சோடாவைப் போட்டு, ஒரே சுற்று கலக்கி, உடனே ஊற்றவும். குளிக்கப் போகக் கூடாது. வெந்ததும் சற்று ஆறவிட்டு எடுத்தால் உடையாமல் வரும். புதினாத் துவையல் போதும்.

இதை அக்கா தெருவுக்குக் கற்றுக் கொடுத்தார். மருத்துவமனையில் சர்க்கரைச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். அத்தானின் புண் ஆறியது. மற்ற விரல்களும் காலும் அவரிடமே இருக்கின்றன. இன்றும் கடையில் நின்றுகொண்டுதான் கயிறு அளக்கிறார்.

அக்காவுக்கு ஓட்ஸ் இட்லி பிடிக்குமா? ஒருமுறை கேட்டேன். "கஞ்சியிலேர்ந்து தப்பிச்சு இட்லிக்கு வந்தேன். மறுபடியும் கஞ்சித் தானியத்துக்கே கொண்டாந்து விட்டுட்டாரு ஒங்கத்தான்" என்றார். சொல்லிக்கொண்டே இன்னொன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். கல்யாண வீட்டுப் பந்தியில் அத்தானுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். ஆவி பறக்கும் இட்லியோடு பரிமாறுகிறவர் வந்தால், அக்கா தன் இலையின் மேல் கையை விரித்து மறைத்துக்கொள்வார். "ஒண்ணே ஒண்ணும்மா" என்று கெஞ்சினாலும் கை விலகாது. அதைப் பார்த்து அத்தானும் மறைப்பார்.

சென்ற ஆண்டு அக்காவின் இதயம் தளர்ந்து, புதுக்கோட்டையில் மருத்துவமனையில் சேர்த்தோம். எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றார். பிடித்தது எதுவானாலும் கொடுக்கலாம் என்றார்கள். அத்தான் கடைக்குப் போய்ச் சூடான அரிசி இட்லி வாங்கி வந்தார். அக்கா பொட்டலத்தைத் தொடவில்லை.

"எனக்குன்னு வாங்குற சாக்குல நீங்களும் ரெண்டு பிச்சுப் போட்டுக்குவீங்க. கொண்டுபோங்க அங்கிட்டு."

"சத்தியமா தொடமாட்டேன். நீ சாப்புடு."

"வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம். கால்ல செருப்பை மாட்டுங்க மொதல்ல. ஆஸ்பத்திரித் தரை."

அத்தான் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வாசலில் இருந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அக்கா வீடு திரும்பவில்லை.

துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருவது பிறந்த வீட்டின் கடமை. முறைப்படி நானே கொண்டு போனேன். காலைக்கு இட்லிதான் கிடைத்தது. தடுக்க ஆள் இல்லாத அந்த வீட்டில் அத்தான் என்ன செய்வாரோ என்று எனக்குப் பயம். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய் ஓட்ஸை வறுக்க ஆரம்பித்தார். பதினாறு முடியும்வரை துக்க வீட்டில் தாளிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். தாளிக்கத்தான் தடை, வேகவைக்கத் தடையில்லை என்று நான் விதியை எடுத்துச் சொன்னேன். பதினாறு நாளும் கடுகு வெடிக்காத ஓட்ஸ் இட்லியை அத்தான் தனியாகச் சாப்பிட்டார்.

சென்ற வாரம் படையலுக்கு என்னென்ன வைப்பது என்று பேசினோம். அக்காவின் மகள் செல்வி, "அம்மான்னாலே ஓட்ஸ் இட்லிதானே, அதை வைப்போம்" என்றாள். எல்லோரும் தலையாட்டினோம். அத்தான் மட்டும் ஆட்டவில்லை.

"அது எனக்காகத் தின்னது தாயி. அவளுக்குப் பிடிச்சதை வைங்க."

எழுந்து போய்க் கிரைண்டர் மேலிருந்த தார்ப்பாயை உருவினார்.

ஆகவே இன்று அக்காவின் இலையில் இருப்பது அரிசி இட்லி. நேற்று அத்தான் ஊறவைத்து ஆட்டி, முறையாகப் பொங்கிய மாவு. முதல் தட்டில் உரித்தெடுத்தது அக்காவுக்கு. படைத்ததை முதலில் எடுத்துச் சாப்பிட வேண்டியவர் கணவர் என்பது முறை. அதைச் சொன்னபோது அத்தான், "நான் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறேன், நீ சாப்புடு மாப்ள. நான் தின்னேன்னு தெரிஞ்சா எலையைத் திருப்பி அனுப்பிருவா" என்றார். இதற்கு எந்த விதியும் எனக்குத் தெரியவில்லை. சரி என்றேன்.

அக்காவின் கடைசி நாட்களில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், கேட்காமலே கார் எடுத்த பக்கத்து வீட்டாருக்கும், கடையைத் திறந்து பார்த்துக்கொண்ட சாலையோரத்து நண்பர்களுக்கும், தூரம் பாராமல் வந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரே ஒரு வேண்டுகோள். பந்தியில் இரண்டு இட்லியும் வரும்; உங்களுக்கு வேண்டியதைச் சாப்பிடுங்கள். அத்தானிடம் மட்டும் "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்று யாரும் சொல்ல வேண்டாம். அரிசி இட்லி பரிமாற வரும்போது அவர் தன் இலையின் மேல் கையை விரித்து மறைப்பார். தயவுசெய்து அடுத்த இலைக்குப் போய்விடுங்கள்.