பூச்சியத்தில் வைக்க மறந்த டயல்

கண்டியில் ஒரு தனியார் கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக இருந்த காலத்தில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. கரண்ட் கொடுக்கும் மெஷினில் நான் ஒரு தடவையும் பிழை விட்டதில்லை. நோயாளியின் உடம்பில் கரண்ட் இறங்கும் பேட்டை வைக்க முன் என் முன்கையில் வைத்துப் பார்ப்பேன். லைட் போனால் முதல் வேலையாக டயலைப் பூச்சியத்துக்குத் திருப்புவேன். இல்லாவிட்டால் லைட் வரும்போது கரண்ட் ஒரேயடியாகத் தசையில் இறங்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் இந்த இரண்டையும் சொல்லிச் சொல்லியே அவர்களைக் களைக்க வைத்திருக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பதை வேறு யானைகளைப் பற்றிய பேச்சென்று நினைத்திருந்தேன்.

வடக்கில் யுத்தம் நடந்த வருடங்கள் அவை. கண்டியில் எங்களுக்குச் சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, போதாததற்கு மின்வெட்டு. அந்த நாட்களில்தான் பண்டார மாஸ்டர் செபஸ்தியானைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாஸ்டர் கட்டுகஸ்தோட்டையில் பளு தூக்கல் பழக்குபவர். செபஸ்தியான் கலகெதரப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். வயது இருபத்தைந்து இருக்கும். டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.

ஆறு கிழமையில் ஒரு அரசாங்கக் கூட்டுத்தாபனம் தன் விளையாட்டு அணிக்கு ஆள் எடுக்க இருந்தது. அணியில் சேர்ந்தால் நிரந்தர வேலை, மூட்டையிலிருந்து விடுதலை. ஆனால் பாரத்தோடு குந்தி எழும்பும் ஸ்குவாட் செய்த மறுநாள் அவனுக்குத் தொடை இறுகிவிடும், படி இறங்க முடியாது. பயிற்சிக்குப் பிறகு கரண்ட் பிடித்தால் சரிவருமா என்று மாஸ்டர் சிங்களத்தில் கேட்டார். இலேசாகத் தசை துடிக்கிற அளவுக்குக் கொடுத்தால் வலியும் பாரமும் குறையும், தசையைக் கட்டுவது நித்திரையும் சாப்பாடும்தான் என்றேன்.

செபஸ்தியான் மெஷினைப் பார்த்தான். "கரண்ட் வேணாங்க மிஸ். எண்ணெய் போட்டுத் தேய்ச்சா போதும்."

என் வாய் சும்மா இருக்காது. "என்ன தம்பி, நூறு கிலோவைத் தூக்கிறீர், இந்தச் சின்னப் பெட்டிக்குப் பயப்பிடுறீரோ?" என்றேன். மாஸ்டர் சிரித்தார். அவனும் சிரிக்க வேண்டியதாயிற்று. கட்டிலில் ஏறிப் படுத்தான்.

நான்கு தடவை ஒழுங்காக நடந்தது. படி இறங்கும்போது இப்போது கம்பியைப் பிடிப்பதில்லை என்று மாஸ்டர் சொன்னார். ஐந்தாம் தடவை டயல் ஐந்தில் நின்றபோது லைட் போய்விட்டது. அடுத்த கட்டிலில் தோள் வலிக்காரி ஒருவர் இருட்டுகிறது என்று கூப்பிட, நான் திரைச்சீலையை விலக்கப் போனேன். டயலில் கை வைக்கவில்லை. அரை நிமிடத்தில் லைட் வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். அவனுடைய கால் விறைத்து நின்றது. பேட்டைப் பிடுங்கி எறிந்திருக்கலாம், கத்தியிருக்கலாம். அவன் இரண்டும் செய்யவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்து, கண்ணை மூடி, வாயை இறுக்கிக்கொண்டு கிடந்தான், யாராவது நிறுத்தும்வரை காத்திருக்கப் பழகியவன் போல. ஓடிப்போய் நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு வரவில்லை.

நாலு நாள் கழித்து மாஸ்டர் தனியாக வந்தார். ஜிம்முக்கும் வருவதில்லையாம். போன வருடம் ஆமிக்காரர் அவன் தங்கியிருந்த லொட்ஜைச் சுற்றிவளைத்துத் தமிழ்ப் பெடியன்களைக் கொண்டுபோனார்கள், பத்தொன்பது நாள் உள்ளே இருந்தான், அங்கே என்ன நடந்தது என்று தனக்கு ஒருநாளும் சொன்னதில்லை என்றார் மாஸ்டர். அவர் மேலே ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. நான் யாழ்ப்பாணத்துக்காரி. எங்கள் பெடியன்களுக்கு என்ன நடக்கிறதென்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. அவன் வேண்டாம் என்று சொன்னபோது அந்தக் காது எங்கே போயிருந்தது?

சனிக்கிழமை மெஷினைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரோடு பஸ்ஸில் ஜிம்முக்குப் போனேன். பெட்டியைத் தானே மடியில் வைத்துக்கொள்வதாக மாஸ்டர் சொன்னார். அடையாள அட்டையில் யாழ்ப்பாணமும் கையில் வயர்ப் பெட்டியுமாக நான் சாவடியைத் தாண்டுவதை அவர் விரும்பவில்லை. நானும்தான்.

மாஸ்டர் சொல்லி அனுப்பியதால் செபஸ்தியான் வந்திருந்தான். நான் மர வாங்கில் உட்கார்ந்து என் முன்கையில் பேட்டைக் கட்டினேன். டயல் அவன் பக்கம் இருக்கும்படி மெஷினை வைத்தேன்.

"பிழை என்ரை. இப்ப நீர் கூட்டும், தம்பி."

அவன் மாஸ்டரைப் பார்த்தான். பிறகு ஒரு நூல் அளவு திருப்பினான். "போதுங்களா மிஸ்?" இன்னும் கொஞ்சம் என்றேன். இன்னொரு நூல். "போதுங்களா?" இப்படி ஒவ்வொரு தடவையும் கேட்டான். என் விரல்கள் தானாக மடங்கத் தொடங்கியதும் போதும் என்றேன். சொல்லி முடிக்க முன்னமே டயலைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். அதிலிருந்து கையை எடுக்காமல் மெதுவாகச் சொன்னான்:

"அங்க, போதும்னு சொன்னாத்தான் கூட்டுவாங்க."

பேட்டைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். அவனே தொடையில் கட்டிக்கொண்டான், அவனே திருப்பினான். மூன்றில் நிறுத்தினான். நான் கொடுத்திருந்தால் ஐந்து வரை போயிருப்பேன். அந்த மூன்று அவனுக்குப் போதுமாக இருந்தது.

ஆறாம் கிழமை கொழும்பில் தேர்வு நடந்தது. கடைசி ஆளாக அணிக்குள் நுழைந்தான். கடைசியோ முதலோ, சம்பளம் ஒன்றுதான் என்று மாஸ்டர் போனில் சிரித்தார். நான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை டயலை நோயாளியின் கையில்தான் கொடுத்தேன். நேரம் பிடிக்கிறது என்று முறைப்பாடு வந்தது. பிடிக்கட்டும் என்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். லைட் போனால் டயலைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒருவர் கரண்ட் வேண்டாம் என்றால் பகிடி பண்ணாதீர்கள். போதும் என்றால், உடனே நிறுத்துங்கள்.