வாய் உத்தரவில் போன ரோடு இஞ்சின்

புதன்கிழமை இங்கே பஹ்ரைனில், எங்கள் கேம்ப் மெஸ்ஸில், ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே ஒரு சேதி சொன்னார். அவருக்கு மச்சினன் கடிதத்தில் எழுதியது. மச்சினனுக்கு யாரோ பஸ்ஸில் சொன்னது.

"உங்க ஊர்ப் பக்கம் ஒரு டிரைவர், கவர்மெண்ட் ரோடு ரோலரையே களவாண்டு எடைக்குப் போட்டுட்டானாமே?"

"எட்டு டன் இஞ்சினை எப்படிங்க களவாண்டு போறது?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"மெதுவாத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கையைக் கழுவப் போகும்போது இன்னொன்றும் சொன்னார். "எட்டு வருசமா கேஸு நடக்குதாம். வர்ற பதினேழாம் தேதி திங்கக்கிழமை திருச்சியில கடைசி விசாரணை. அந்தாளுக்குச் சாட்சி ஒருத்தருமில்லையாம்."

அந்த ஆள் பெயர் ராசாங்கம். அவர் எதையும் திருடவில்லை. அது நேரடியாகத் தெரிந்தது மூன்று பேருக்கு: அவருக்கு, ஓவர்சியர் பஞ்சநாதனுக்கு, எனக்கு.

எழுபத்தெட்டில் நான் அரியலூர்ப் பக்கம் ஒரு பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். யூனியன் ரோடுகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு ரோலர். ஜனங்கள் அதை ரோடு இஞ்சின் என்பார்கள். ராசாங்கம் விக்கிரமங்கலத்துப் பக்கம் காலனித் தெருவில் பிறந்தவர். அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலி. இவர் ஜல்லி உடைக்க வந்து, பிறகு ரோலர் சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, பழைய டிரைவரிடம் வசவு வாங்கிக்கொண்டே ஓட்டப் பழகி, முப்பத்தி நாலாவது வயதில் டிரைவர் ஆனார். அந்தத் தெருவில் முதல் சர்க்கார் வேலை அவருடையதுதான். தினமும் இறங்கும்போது முன் சக்கரத்தைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

"நான் ரெண்டாந்தாரந்தாங்க தம்பி. மூத்தவ ஆபீஸ் ஷெட்டுல நிக்கிறா" என்பார் அவர் மனைவி அம்சவள்ளி.

ஆபீஸில் எதற்கும் பணம் இருந்ததில்லை. ரோலர் ஓர் ஊருக்குப் போய்த் திரும்பினாலே மாதத்து டீசல் பாதி தீர்ந்துவிடும். அதனால் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. ரோலர் ஒரு வேலைக்குப் போகும்போது வழியில் இருக்கும் சின்ன ரோடுகளையும் முடித்துக்கொண்டு வந்துவிடும். உத்தரவு வாயால், காகிதம் பின்னால். முன் தேதி போட்டு அந்தக் காகிதங்களை டைப் அடித்தவன் நான். யாரும் இதைத் தப்பாக நினைத்ததில்லை. அப்படிச் செய்யாவிட்டால் பாதி ரோடு போட்டிருக்கவே முடியாது.

ராசாங்கத்தின் தெருவுக்குப் போகும் ரோட்டோரம் ஜல்லி இரண்டு வருடமாகக் குவிந்து கிடந்தது. ஆடுகள் ஏறி நின்றன. மழை பெய்தால் கரிசல் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். ரோடு அமைந்தால் டவுன் பஸ் வரும் என்ற பேச்சும் இருந்தது.

ஏப்ரலில் உடையார்பாளையம் வேலைக்கு ரோலர் கிளம்பும் அன்று, பஞ்சநாதன் என் மேசையில் சாய்ந்தபடி சொன்னார்.

"ஏய் ராசாங்கம், திரும்பி வர்றப்ப உங்க தெரு ரோட்டையும் உருட்டிட்டு வந்துரு. இன்னொரு தடவ தனியா அனுப்ப டீசல் ஏது?"

"கமிஷனர் அய்யாவுக்குத் தெரியுங்களா சார்?"

"அவர்ட்ட நான் சொல்லிக்கிறேன். காகிதம் பின்னால போட்டுக்கலாம்."

நான் கார்பன் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது.

ராசாங்கம் மூன்று நாள் உருட்டினார். தெருப் பெண்கள் வரிசையாக நின்று தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். இஞ்சினுக்கு மாலை போட்டார்கள். அந்த மூன்றாம் நாள், முன்னறிவிப்பு இல்லாமல் கலெக்டர் அரியலூரில் ஒரு ரோடு வேலையைப் பார்க்க வந்து நின்றார். ரோலர் எங்கே என்று கேட்டார். கமிஷனர் பஞ்சநாதனைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க சார். அவன் ஊருக்கு அவனே ஓட்டிட்டுப் போயிட்டான்."

குற்றச்சாட்டு மெமோவை நான்தான் டைப் அடித்தேன். இஞ்சினியரிங் பிரிவில் அப்போதும் எல்லாம் ஆங்கிலம். ராசாங்கம் அதைக் கையில் வைத்துக்கொண்டு, டீக்கடை மறைவில் எனக்காகக் காத்திருந்தார்.

"என்ன தம்பி போட்டிருக்கான்? படிச்சுச் சொல்லு."

படித்துச் சொன்னேன். கடைசி வரி, சாட்சிகள் இருந்தால் பதினைந்து நாளுக்குள் அவர்கள் பெயரை எழுதித் தர வேண்டும் என்பது. அதை மட்டும் படிக்கவில்லை. என் பாஸ்போர்ட்டுக்கு ஆட்சேபணை இல்லை என்ற சான்று அப்போது கமிஷனர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அண்ணே. விளக்கம் கேக்குறாங்க. சும்மா மிரட்டுறது. போயிடும்."

அவர் மெமோவை நான்காக மடித்துப் பையில் வைத்தார். "நீ சொன்னா சரி. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீ அங்கதான இருந்த" என்றார்.

விசாரணைக்கு அதிகாரி வந்தபோது காலனித் தெருவே கூடி நின்றது. ரோலரை அனுப்பியது ஓவர்சியர்தான் என்று ராசாங்கம் உருட்ட வந்த அன்றைக்கே தெருக்காரர்களிடம் சொல்லியிருந்தார். ஆனால் பஸ் ஓட ரோடு தகுதியானது என்ற சான்றில் பஞ்சநாதன் கையெழுத்துப் போட வேண்டும். விசாரணைக்கு முந்தின நாளே அவர் தெருவுக்கு வந்து போயிருந்தார்.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வந்தாரு, உருட்டினாரு" என்றார் சாமிக்கண்ணு. ராசாங்கத்துக்குப் பெரியப்பா மகன்.

ராசாங்கத்துக்கு வேலை போயிற்று. அதை எதிர்த்துத் திருச்சியில் கேஸ் போட்டார். இரண்டு மாதத்தில் அந்த ரோட்டில் டவுன் பஸ் வந்தது. நான் அதற்குள் விமானம் ஏறிவிட்டேன். அம்சவள்ளி அந்த பஸ்ஸில் போவாராம். ராசாங்கம் ஏறியதே இல்லையாம்; மூன்று மைல் நடந்துபோய் மெயின் ரோட்டில் வேறு பஸ் பிடிப்பாராம். இப்போது யூனியன் ஆபீஸுக்கு எதிரே உரக்கடையில் மூட்டை இறக்குகிறார். அங்கிருந்து பார்த்தால் ஷெட் தெரியும். இதெல்லாம் என் தங்கை எழுதித் தெரிந்துகொண்டது. அவள் எழுதும்போதெல்லாம், அடுத்த கடிதத்தில் அவருக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று வெள்ளிக்கிழமை, எனக்கு விடுமுறை. கடிதம் போய்ச்சேர நாள் இல்லை. விடிந்ததும் உரக்கடை நம்பருக்கு டிரங்க் கால் பதிந்தேன். சாட்சியாக என் பெயரைக் கொடுங்கள் அண்ணே, ஓவர்சியர் சொன்னதை நான் காதால் கேட்டேன் என்று தந்தி அடிக்கிறேன், எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். இதைத்தான் சொல்ல வேண்டும்.

லைன் கிடைத்துவிட்டது. அங்கே இப்போது காலை பத்தரை மணி. கடை திறந்திருக்கும் நேரம்தான். மணி அடிக்கிறது.

"யாரும் எடுக்கவில்லை, கேன்சல் பண்ணட்டுமா?" என்று ஆபரேட்டர் பெண் ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

வேண்டாம் என்கிறேன். மணி அடித்துக்கொண்டிருக்கிறது.