இன்ஸ்பெக்டர் வந்த அன்று மட்டும் புத்திசாலி

நான் திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. சென்ற ஆண்டு எங்கள் தலைமையாசிரியர் புத்திசாலிக் குழந்தைகளுக்கென்று தனி வகுப்பு தொடங்கினார். இங்கிலீஷ் பாட்டு ஒப்பித்த இஸ்திரிச் சட்டைகளையெல்லாம் நானே பொறுக்கிச் சேர்த்தேன். மீன்காரம்மா மகள் அஞ்சலைக்குப் பழைய தகரக் கொட்டகைதான்.

பள்ளியை ஆய்வு செய்ய இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் தனி வகுப்பைச் சோதித்துப் பார்த்தேன். மனக்கணக்கில் எங்கள் மேதைகள் பூஜ்யம். அஞ்சலையை அழைத்து வந்து தனி வகுப்பின் முன் பெஞ்சில் உட்கார வைத்தேன். கேட்ட கணக்குக்கெல்லாம் பதில் சொல்லி எங்கள் மானத்தைக் காப்பாற்றினாள். பாராட்டு தலைமையாசிரியருக்குக் கிடைத்தது.

இன்ஸ்பெக்டரின் வண்டி கிளம்பியதும் அவளைக் கொட்டகைக்குப் போகச் சொன்னேன்.

"இன்னா டீச்சர், அவரு பூட்டாருன்னா என் புத்தியும் பூட்ச்சா?" என்றாள்.

இப்போது நானே கேட்டு வாங்கிக் கொட்டகையில்தான் பாடம் நடத்துகிறேன். தனி வகுப்பில் இடம் கேட்டு வரும் பெற்றோரிடம், "சட்டையை இஸ்திரி போட்டு அனுப்புங்கள், அது போதும்" என்கிறேன்.