மேஜைக்காலின் அடியில் பதினோரு சீட்டு

அந்த மேஜையின் பின்பக்கத்து இடது கால் மற்ற மூன்றையும்விட அரை விரற்கடை குட்டை. நல்ல தேக்கு மேஜைதான், மூன்று பேர் சேர்ந்தால்தான் நகரும். ஆனால் யாராவது முழங்கையை ஊன்றினால் போதும், ஒரு பக்கம் சாய்ந்து டொக்கென்று தரையைத் தட்டும். கல்கத்தாவில் ஒரு மந்திரியின் அலுவலகத்தில், அவருடைய தனிச் செயலாளரின் மேஜை அது. அந்தச் செயலாளரை நாங்கள் பி.எஸ். சார் என்போம். நான் அவருடைய ஸ்டெனோ. இரண்டு பேருடையதும் தாத்தா காலத்திலேயே தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள். கதவு சாத்தியிருந்தால் தமிழ், திறந்திருந்தால் பெங்காலி, மந்திரி கூப்பிட்டால் இங்கிலீஷ் என்று பத்தொன்பது வருஷம் ஓட்டினோம்.

மந்திரியைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் பியூனிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பழுப்புக் காகிதத்தில் கால்பக்க அளவு. பெயர், விலாசம், யாரைப் பார்க்க வேண்டும், என்ன விஷயம், வந்த நேரம் என்று ஐந்து வரி. பியூன் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின் மூடியில் வைத்து எடுத்து வருவார். இரண்டு மணிக்குள் வந்த சீட்டு சாரின் கைக்குப் போகும். இரண்டு மணிக்கு மந்திரி கட்சி ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். அதன்பிறகு வந்த சீட்டு என்னோடு நின்றுவிடும். சார் பிஸியாக இருக்கிறார், உட்காருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். அவர்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நாலரை மணிக்கு பியூன் போய், நாளைக்கு வாருங்கள் என்பார். நாளைக்கு வந்தால் புதுச் சீட்டு எழுத வேண்டும், நேற்றைய சீட்டு குப்பைக்குப் போய்விடும். இந்த விதியை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எங்கள் அலுவலகத்தில் இதைப்போலக் கறாராக நடந்த விதி வேறு இல்லை.

ஒரு மழை நாளில், மூன்று மணி டீ வந்த நேரத்தில், சார் கையெழுத்துப் போடக் குனிந்தார். மேஜை ஆடி, டீ முழுக்க மந்திரியின் ஃபைலில் கொட்டியது. நான் என் பக்கத்தில் கிடந்த சீட்டுகளை எடுத்தேன். பதினோரு சீட்டு. அத்தனையையும் சேர்த்து நாலாக மடித்து, பியூன் மேஜையைத் தூக்கிப் பிடிக்க, அந்தக் குட்டைக் காலுக்கு அடியில் செருகினேன். சார் இரண்டு கையையும் ஊன்றி அழுத்திப் பார்த்தார். மேஜை அசையவில்லை. "இத்தனை வருஷத்துல இந்த ஸ்லிப்பால நடந்த உருப்படியான காரியம் இது ஒண்ணுதான்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை மறைத்துப் புண்ணியமில்லை.

சார் ஓய்வு பெற்றபோது, கழித்துக்கட்டிய சாமான்களோடு கிடந்த அந்த மேஜையைக் கேட்டு வாங்கி சால்ட் லேக் வீட்டுக்குக் கொண்டு போனார். சீட்டுக் கட்டையும் ஞாபகமாக எடுத்துப்போய் அதே காலுக்கு அடியில் வைத்தார். சில வருஷத்தில் மந்திரியும் போய்ச் சேர்ந்தார், ஆட்சியும் மாறியது. "இனிமே சொன்னா என்னை யார் என்ன பண்ணப் போறா" என்று சார் தன் நினைவுகளைச் சொல்ல ஆரம்பித்தார். வாரத்தில் மூன்று நாள் நான் கரியாஹாட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சுருக்கெழுத்தில் எடுத்து வருவேன். யார் யாரோடு என்ன பேரம் பேசினார்கள், எந்த ஃபைல் எப்படிக் காணாமல் போனது, மேடையில் கர்ஜித்தவர் உள்ளே வந்து யார் காலில் விழுந்தார், எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். நடுவில் வாசகர் கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று அந்த ஆடும் மேஜைக் கதையையும் சொன்னார். பத்து ஸ்லிப் என்றார். பதினொன்று சார் என்று நான் திருத்தினேன். முந்நூறு பக்கப் புத்தகத்தில் நான் வரும் ஒரே இடம் அது. 'என் ஸ்டெனோ, கெட்டிக்காரி' என்று அவர் சொல்லச் சொல்ல எழுதியபோது எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

புத்தகம் முதலில் இங்கிலீஷில் வந்தது. ஒரு மாதம் அந்த வீட்டில் டெலிபோன் ஓயவில்லை. டி.வி.யில் நாலு பேர் உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு சாரைப் பற்றிச் சண்டை போட்டார்கள். பழைய கட்சிக்காரர்கள் உண்ட வீட்டுக்குத் துரோகம் செய்தவர் என்றார்கள். புதிய கட்சிக்காரர்கள் இதை ஏன் பதவியில் இருந்தபோது சொல்லவில்லை என்றார்கள். கூட வேலை பார்த்த அதிகாரி ஒருவர், என்னைப் பற்றி ஏன் எழுதினாய் என்று கோபித்துக்கொண்டார். இன்னொருவர், தன்னைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று அதைவிடக் கோபித்துக்கொண்டார். சாருக்கு எல்லாமே கொண்டாட்டம். வசவுக் கடிதங்களை மட்டும் தனியாக எடுத்துவைத்து, சாயங்கால டிபனின்போது மாமிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, உரக்கப் படித்துக் காட்டுவார். மாமி காதில் வாங்காமல் ரவா உப்புமாவைக் கிளறிக்கொண்டிருப்பார்.

பிறகு பெங்காலி மொழிபெயர்ப்பு வந்தது. அப்போதுதான், இங்கிலீஷ் படிக்காதவர்கள் கைக்கும் புத்தகம் போயிற்று. இரண்டு வாரம் கழித்து ஒரு தபால் உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. கால்பக்க அளவில் வெட்டிய பழுப்புக் காகிதம் ஒன்று இருந்தது. யாரோ ஸ்கேல் வைத்து ஐந்து கோடு போட்டு, நிதானமான கையெழுத்தில் நிரப்பியிருந்தார்கள். யாரைப் பார்க்க வேண்டும்: பி.எஸ். சார். என்ன விஷயம்: அப்பாவின் பென்ஷன். சார் சிரித்து, யாரோ குசும்புக்காரன் என்றார். அந்த வாரமே இன்னும் மூன்று வந்தன. தம்பியின் மாற்றல். ரேஷன் கார்டு. இடிந்த பள்ளிக்கூடத்துக் கூரை. வேறு வேறு ஊர் முத்திரை, வேறு வேறு கையெழுத்து. யாரும் திட்டவில்லை, எதையும் கேட்கவுமில்லை. டிபன் நேரத்தில் இவற்றை சார் உரக்கப் படிக்கவில்லை.

அவற்றை அடுக்கி வைத்தபோது நான்தான் அதைக் கவனித்தேன். வந்த நேரம் என்ற வரியில் இரண்டு பத்து, இரண்டே கால், மூன்று என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஒன்றில்கூட இரண்டு மணிக்கு முந்திய நேரம் இல்லை. எங்கள் இரண்டு மணி விதியை சார் புத்தகத்தில் சொல்லவே இல்லை. அது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்றைக்கே எல்லாம் புரிந்துதான் இருந்திருக்கிறது.

அதற்கப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் நாள் ஒரு பெரியவர். வெயிலில், வீட்டு கேட்டை ஒட்டிய சிமென்ட் திண்டில், குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் சாரின் புத்தகம். உள்ளே வரச்சொல்லி நான் பெங்காலியில் கூப்பிட்டேன். "இருக்கட்டும் தீதி. சார் பிஸியா இருப்பார். நான் இங்கேயே இருக்கேன்" என்றார், என்னை அக்கா முறை வைத்து. குரலில் குத்தலே இல்லை, அதுதான் என்னவோ செய்தது. மாமி கொடுத்தனுப்பிய தண்ணீரைக் குடித்தார். நாலரை மணிக்கு எழுந்து போனார். மறுநாள் அதே இடத்தில் வேறொருவர். அதற்கு மறுநாள் ஒரு பெண். ஒரு நாளைக்கு ஒருவர்தான், இரண்டு பேராக வந்ததில்லை. ஒருவரையொருவர் தெரியுமா என்று கேட்டால், யாரைச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். எல்லோரும் இரண்டு மணிக்கு மேல் வந்தார்கள், நாலரைக்குப் போனார்கள், யாரும் உள்ளே வரவில்லை.

சார் மதியத் தூக்கத்தை விட்டுவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு மணிக்கு அந்த மேஜையில் உட்கார்ந்துவிடுவார். "வெளியில யார் இருக்கா? அவாளை உள்ள கூட்டிண்டு வா" என்பார். நான் போவேன், கெஞ்சுவேன், வெறுங்கையோடு திரும்புவேன். பத்தொன்பது வருஷம் வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தப் பழகியவள் நான். இப்போது ஒரே ஒருவரை உள்ளே கொண்டுவர முடியவில்லை. அந்த எதிர் நாற்காலியைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சார் சில நாள் அதைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார், யாரோ சொல்வதைக் கேட்பதுபோல.

ஒரு நாள் அவரே சொன்னார், அந்தச் சீட்டுக் கட்டை வெளியே எடு என்று. சாரின் கார் டிரைவர் மேஜையைத் தூக்கிப் பிடித்தார். கறுத்து ஒட்டிப்போயிருந்த கட்டை நான் ஈரத்துணி வைத்து மெதுவாகப் பிரித்தேன். பதினோரு சீட்டையும் மேஜைமேல் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்தோம். அதில் ஒன்றில் ஹவுராவில் ஒரு சந்தின் விலாசம். என்ன விஷயம் என்ற வரியில், 'மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை' என்று எழுதி, அதற்குக் கீழே 'மூன்றாம் நாள்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. சார் அதைக் கீழே வைக்கவே இல்லை.

"நீ அன்னிக்கு இதைப் படிச்சியா?" என்று கேட்டார்.

"இல்லை சார்" என்றேன்.

படித்திருந்தேன். மடிக்கும்போது அதுதான் மேலே இருந்தது. அந்த அடிக்கோடுதான் எனக்கு எரிச்சல் மூட்டியது. எனக்கே கணக்குச் சொல்லிக் காட்டுகிறாரே என்று நினைத்தேன். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி திருப்பி வைத்துத்தான் மடித்தேன். சாருக்கு அது தெரியாது. நான் சொன்னதை நம்பினார். கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த பதிப்பில் ஸ்டெனோ என்று வருமிடத்தில் 'நான்' என்று மாற்றும்படி பதிப்பகத்துக்கு எழுதச் சொன்னார். "நீ என்ன பண்ணுவே, நான் சொன்னதைத்தானே பண்ணினே" என்றார். வேண்டாம் சார் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கே டைப் அடித்து, போகிற வழியிலேயே தபாலில் சேர்த்தேன். ஹவுரா விலாசத்துக்கு அவர் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை, கடிதம் திரும்பியும் வரவில்லை. துர்கா பூஜைப் பந்தல்களுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்த சமயத்தில் சார் அந்த மேஜையிலேயே, எதிர் நாற்காலியைப் பார்த்தபடி இறந்துபோனார். அன்றிலிருந்து கேட்டுக்கு வெளியே யாரும் வரவில்லை. ஒரு வாரம் நான் போய் இருந்து பார்த்தேன்.

மாமி பெண் வீட்டோடு பெங்களூருக்குப் போகும்போது, மேஜையை எனக்குக் கொடுத்துவிட்டார். அது இப்போது என் ஃப்ளாட்டில் பாதி ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பதினோரு சீட்டும் இழுப்பறையில் இருக்கின்றன. காலுக்கு அடியில் எதுவும் இல்லை. இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. அதில் நான் எங்கேயும் இல்லை.

போன மாதம் ஒரு மதியம் கதவுக்கு அடியில் ஒரு சீட்டுக் கிடந்தது. அதே ஹவுரா சந்து. யாரைப் பார்க்க வேண்டும்: ஸ்டெனோ. என்ன விஷயம்: அதே விஷயம். அதற்குக் கீழே, 'நான்காம் நாள்'. கதவைத் திறந்தேன். எதிர் மாடிப்படியில் நாற்பது நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வா என்றேன். அந்தச் சீட்டை எழுதியவரின் மகளாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. "நீங்க வேலையைப் பாருங்க தீதி. நான் உக்காந்திருக்கேன்" என்று பெங்காலியில் சொன்னாள். நாலரை மணிக்குப் போனாள். மறுநாள் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் மேஜையில் கையை ஊன்றாமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு அடுத்த நாள், அவள் வந்ததும் நான் ஒரு பழுப்புக் காகிதத்தை வெட்டிக் கோடு போட்டேன். பெயர் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன். யாரைப் பார்க்க வேண்டும்: உங்களை. என்ன விஷயம்: அன்றைக்கு நான் அதைப் படித்தேன். வந்த நேரம்: இரண்டு பத்து. படிக்குப் போய் அவளிடம் நீட்டினேன். அவள் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். பிறகு எழுத்து உள்ளே போகும்படி திருப்பி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருங்க தீதி. பாக்கலாம்" என்றாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

இன்றோடு பதினேழு நாள். இரண்டு மணிக்குள் சமையல்கட்டை ஒழித்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, அந்த மேஜையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்டால் முழங்கை தானாக அழுந்துகிறது. மேஜை சாய்ந்து டொக்கென்று தரையைத் தட்டுகிறது. இதுவரை ஏறி வந்தவர்கள் எல்லோரும் மேல்வீட்டுக்காரர்கள்தான். நாலரை மணி ஆனதும் கதவைச் சாத்துகிறேன்.