கதவு ரப்பர் வாசனை

நைனா என்றுதான் நாங்கள் அப்பாவைக் கூப்பிடுவோம். அவர் சட்டையில் எப்போதும் புது ரப்பர் வாசனை அடிக்கும். ஜி.எஸ்.டி. சாலையோரத்துக் கார் தொழிற்சாலை ஒன்றில் கதவு பொருத்தும் பிரிவில் அவருக்கு வேலை. கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையை விரலால் அழுத்தி அழுத்தி உட்கார வைத்து, கதவைச் சாத்தி, அந்தச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, "கும்"மென்று விழுந்தால்தான் வண்டியை அடுத்த ஆளிடம் விடுவாராம். செங்கல்பட்டில் எங்கள் தெருமுனையில் நின்றால்கூட, போகிற வருகிற கார்களில் அவர் கம்பெனி வண்டியைக் காட்டி, "அது நம்ம வண்டி" என்பார். எங்களிடம் சொந்தமாக இருந்ததென்னவோ ஒரு சைக்கிள்தான்.

அப்போது அவர் கம்பெனி, நீளமாக டிக்கி வைத்த பெரிய வண்டி மட்டுமே செய்துகொண்டிருந்தது. போட்டிக் கம்பெனியோ கைக்கடக்கமான சின்ன வண்டிகளை வரிசையாக இறக்கிச் சந்தையை அள்ளிக்கொண்டிருந்தது. "டிக்கி இல்லாத வண்டி ஒரு வண்டியா? ஆட்டோவுக்கு டோரு வெச்சா மாரி கீது" என்று நைனா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத்தான் லாயக்கு என்று பள்ளியில் தோழிகள் எங்கள் வண்டிக்கு வைத்திருந்த பெயர் "கல்யாண வண்டி". அதைக் கேட்கும்போதெல்லாம், தோற்ற கட்சியின் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் எனக்குக் கூசும்.

நான் ஒன்பதாவது படிக்கையில், என் உயிர்த்தோழி சுதாவின் அப்பா, கல்பாக்கத்தில் வேலை பார்த்தவர், முதல் கார் வாங்க யோசனை கேட்டு வீட்டுக்கே வந்தார். நைனா நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினார். "கண்ண மூடிகினு வாங்குங்க சார். டோரு நம்ம கையால போட்டது" என்றார். அவரும் சம்மதமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் சுதா, "நெஜமாவே நல்ல வண்டியாடி?" என்று கேட்டாள். அவளும் கல்யாண வண்டியில் வந்திறங்கினால் வகுப்பே சிரிக்குமே என்ற பயமோ, சின்ன வண்டியில் மாமல்லபுரம் போய்வரும் ஆசையோ, பாழாய்ப்போன என் வாய் சொல்லிற்று: "வேணாம்டி. எங்க நைனாவே சொல்றாரு, ஆறே மாசத்துல டோரு லொடலொடன்னு ஆடுமாம்."

பச்சைப் பொய்.

ஒரு மாதம் போயிருக்கும். வெள்ளிக்கிழமை திருப்போரூர் முருகன் கோயிலில் புது வண்டிக்குப் பூஜை, வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எந்த வண்டி என்று அவர்கள் சொல்லவில்லை, நைனாவும் கேட்கவில்லை. ஷிப்ட் மாற்றிக்கொண்டு, நான்கு எலுமிச்சம்பழங்களைப் பையில் போட்டு, என்னையும் பஸ்ஸில் அழைத்துப் போனார். வந்து நின்றது போட்டிக் கம்பெனியின் சிவப்புச் சின்ன வண்டி. சுதாவின் அப்பா நைனாவைத் தனியே அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். திரும்பி வந்த நைனா என் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்துக்கொன்றாக நான்கு பழங்களையும் தானே குனிந்து வைத்தார். வண்டி அவற்றை நசுக்கிக்கொண்டு நகர்ந்தபோது எல்லோருடனும் சேர்ந்து கைதட்டினார். அப்படியே மாமல்லபுரம் போகலாம் வா என்று சுதா கூப்பிட்டாள். "போய்ட்டு வாம்மா" என்றார் நைனா. போனேனே! வெட்கங்கெட்டவள், ஜன்னலோரம் வேண்டும் என்று கேட்டு வாங்கி உட்கார்ந்து போனேன். அவர் தனியாகப் பஸ் ஏறினார்.

பிற்பாடு நைனாவின் கம்பெனியும் சின்ன வண்டி விட்டுப் பார்த்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது, கடைசியில் தொழிற்சாலையை மூடினார்கள். ஒரு கார் விற்காததால் ஒரு தொழிற்சாலை மூடப்படுவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, அது எனக்கு ஒருநாளும் ஆறுதல் தந்ததில்லை.

போன மாதம் நானும் கார் வாங்கினேன், அதே போட்டிக் கம்பெனி வண்டி. நைனாவை முன்சீட்டில் உட்கார வைத்து ஓட்டிப்போனேன். பழைய தொழிற்சாலைக்கு எதிரே நிறுத்தச் சொன்னார். ஷிப்ட் பஸ்களும் இல்லை, கேட்டருகே இருந்த டீக்கடையும் இல்லை. இறங்கிக் கதவைச் சாத்தினார். திறந்து, மறுபடி சாத்தினார். ரப்பர் பட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியே குனிந்து சிரித்தார்.

"நல்லாத்தான் போட்டுக்கிறான். ஆறு மாசத்துல லொடலொடன்னு ஆடாதே?"

இத்தனை வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்துக் கதவைத் திறந்து, இறங்கி, அவர் எதிரில் போய் நிற்க எனக்கு முகமில்லை.