அவள் எடுக்காத கை

எங்கள் இரண்டு வயது மகளின் கார் சீட்டைப் பின் இருக்கையில் நான்தான் பொருத்தினேன். மெத்தென்று இருக்கட்டும் என்று அடியில் போர்வையை மடித்து வைத்து, வண்டியின் பெல்ட்டை மாட்டினேன். பின்னால் அதன் பக்கத்தில் உட்கார்ந்த மனைவி அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"அதான் பெல்ட்டு போட்டுக்கீதே, கைய எடு" என்று எரிந்து விழுந்தேன்.

"ஆடிகினே கீதுய்யா" என்றாள். எடுக்கவில்லை.

எர்ணாவூர் தாண்டியதும் முன்னால் போன கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் மகள் வீறிட்டாள். திரும்பினேன். போர்வை நழுவி, பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. சரிந்த சீட்டை மகளோடு தாங்கியிருந்தது மனைவியின் கைதான்.

ஓரங்கட்டினேன். போர்வையை உருவிவிட்டு, முட்டியால் சீட்டை அழுத்தி, பெல்ட்டை இறுக்கிப் பூட்டினேன். அவளே ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

ராயபுரம் வரை அவள் கை அங்கேயே இருந்தது. எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.