மேயரின் அண்ணன் வீட்டுத் தெரு

மேயருக்குச் சொந்தமாக இருப்பதில் உள்ள தொல்லை, இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, மேயரானபோது எனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் ஊர் முழுக்க எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டியது. கணக்கு டீச்சர்கூடத் தன் தெருவில் நாய்த் தொல்லை என்று என்னிடம் சொல்லியனுப்பினார்.

இத்தனைக்கும் மேயராவதாக அத்தை கனவுகூடக் கண்டதில்லை. கண்டவர் அவள் கணவர், எங்கள் மாமா. கட்சிக்குப் போஸ்டர் ஒட்டியே தலை நரைத்தவர். அந்த முறை பார்த்துப் பதவியைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். மாமா கடைக்குப் போய் அத்தைக்கு இரண்டு பட்டுப்புடவை எடுத்து வந்து, தனக்குப் பதில் அவளை நிற்கவைத்தார். பாடி என்கிற ஊரில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், சிவப்பு அங்கியும் கழுத்தில் சங்கிலியுமாகப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தாள். அழைப்பிதழ்களில் ‘வணக்கத்துக்குரிய மேயர்’ என்று அச்சடித்தார்கள். அவளுடைய செல்போன் மட்டும் எப்போதும் மாமாவின் சட்டைப்பையில் இருக்கும். யார் கூப்பிட்டாலும் அவர்தான் பேசுவார்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் சாக்கடையும் மழைத்தண்ணீரும் ஒன்றாகக் கலந்து வடியாமல் நின்றது. அக்காவைப் பெண் பார்க்கப் பூந்தமல்லியிலிருந்து வருவதாக இருந்தார்கள். அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையைப் போட்டோவிலேயே பிடித்துவிட்டது. அம்மா ஒரு வாரம் முன்பே அத்தையைப் பிடித்தாள்.

“இன்னாம்மா, ஒரு லாரி அனுப்பி இந்தத் தண்ணிய எடுக்கச் சொல்லக் கூடாதா? மாப்ள ஊட்டுக்காரங்க இதுலயா நடந்து வருவாங்க?”

“அண்ணன் ஊட்டுத் தெருவுக்கு மட்டும் செஞ்சா ஊரு காறித் துப்பும் அண்ணி. நான் செய்ய மாட்டேன்.”

இப்படியும் ஒரு நேர்மையா என்று அம்மா பாத்திரங்களையெல்லாம் நங்கென்று வைத்தாள். மாமாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். ஆனால் அதற்கு அப்பா ஒப்பவில்லை. “மேயர் அவளா, நீங்களா?” என்று ஒரு விசேஷத்தில் நாலு பேர் எதிரே அப்பா மாமாவைக் கேட்டுவிட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

பெண் பார்க்கும் நாளில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. அப்பா வாசல்வரை செங்கல் போட்டு வைத்தார். வணக்கத்துக்குரிய மேயர் தெருமுனையில் காரை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை ‘வாங்க’ என்றுகூடக் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா மூன்றாவது செங்கல்லில் வழுக்கி, முழங்கால்வரை சாக்கடையில் இறங்கிவிட்டார். எங்கள் குழாயடியில் அவர் கால் கழுவிய நேரத்தில் பாதிகூட அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. “மேயர் சொந்தக்காரங்க தெருவே நாறிக்கினு கீது” என்றார் கூட வந்த பெரியவர் ஒருவர். பஜ்ஜி அப்படியே இருந்தது. சொல்லியனுப்புகிறோம் என்று போனவர்கள் கடைசிவரை சொல்லியனுப்பவே இல்லை. அக்கா பூவை எடுத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அம்மா வெடித்தாள். “உன் நேர்மைல என் பொண்ணு வாழ்க்க போச்சு. சந்தோசமா?”

“அன்னிக்கே சொன்னேனே அண்ணி, செய்ய மாட்டேன்னு” என்றாள் அத்தை, தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்பாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. வீம்பை விட்டு மாமாவுக்குப் போன் செய்தார். நாங்கள் ஆறிய காபியைக் குடித்து முடிப்பதற்குள் தெருவில் லாரி வந்து நின்றது. பின்னாலேயே மாமாவும் வந்து, இடுப்பில் கைவைத்து வேலை வாங்கினார். “மேயர்னா இப்டி இருக்கணும்” என்றார் எதிர்வீட்டுக்காரர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அத்தை அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

“சார், மேயர் பேசறேன் சார்... இல்ல சார், அவரு இல்ல, நான்தான். ஒரு வாரமா நான் கேட்டுக்கினே கீறேன், லாரி ரிப்பேருன்னீங்க. இப்ப அவரு சொன்னதும் வந்துகீது... கோவமில்ல சார். சும்மா கேட்டேன். சரி சார்.”

எதிர்முனையில் யாரோ பெரிய மந்திரி என்று நினைத்துக்கொண்டேன். லாரி அனுப்புகிற ஆளைத்தான் மேயர் அத்தனை சார் போட்டுக் கெஞ்சினாள் என்பதோ, முடியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் எங்களிடம் மாட்டேன் என்றாள் என்பதோ எனக்கு அப்போது விளங்கவில்லை. பேசி முடித்த பிறகும் அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அம்மாவின் போனில் காசு தீர்ந்துவிடுமே என்பதுதான் என் கவலை.

“போதும் அத்தே, போனைக் குடு” என்று கையை நீட்டினேன்.

உடனே கொடுத்துவிட்டாள்.